முலூஸில் இறங்கி பாசலில் ஏறுவது எப்படி?

ஒருவர் ஐரோப்பாவுக்குள் பறக்க இரண்டு டிக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டிக்கெட்டில் இறங்கும் இடம் முலூஸ், பிரான்ஸ். இரண்டாவதில் ஏறும் இடம் பாசல், சுவிட்சர்லாந்து. நடுவே இரண்டரை மணி நேரம்தான். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் சுமார் 30 கிலோமீட்டர் தூரம், இடையில் ஒரு நாட்டின் எல்லை வேறு. பஸ் இருக்கிறதா, டாக்ஸிக்கு எவ்வளவு கேட்பான், எல்லையில் நிறுத்துவார்களா என்று பாவம், மனிதர் முந்தின இரவு தூங்கியிருக்கவே மாட்டார்.

உண்மையில் அவர் கட்டடத்தை விட்டு வெளியே வரவே வேண்டாம். எம்.எல்.எச். என்று போட்டிருந்தாலும் பி.எஸ்.எல். என்று போட்டிருந்தாலும் அது ஒரே விமான நிலையம், அதே ஓடுபாதைகள். இது போதாதென்று இரண்டுக்கும் பொதுவாக ஈ.ஏ.பி. என்று மூன்றாவது குறியீடும் வைத்திருக்கிறார்கள்!

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது? பாசல் நகரம் சுவிட்சர்லாந்தின் ஒரு மூலையில், பிரான்ஸும் ஜெர்மனியும் வந்து முட்டும் இடத்தில் இருக்கிறது. பெரிய விமான நிலையம் கட்ட ஊருக்குள் இடமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசினார்கள். நிலம் பிரான்ஸ் தரும், கட்டும் செலவு சுவிட்சர்லாந்துடையது என்று ஏற்பாடு. 1946 மே மாதமே தற்காலிக ஓடுபாதையில் விமானங்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கப்புறம்தான், 1949 ஜூலை 4 அன்று. (நம்மூரில் இப்படிச் செய்திருந்தால் இன்னும் கேஸ் நடந்துகொண்டிருக்கும்.)

ஆக, "இரண்டு நாடுகளில் இருக்கும் விமான நிலையம்" என்று எல்லாரும் சொல்வது சரியில்லை. மொத்த இடமும் பிரெஞ்சு மண். அதற்குள் சுவிஸ் சுங்க அதிகாரிகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து பாசல் வரை இருபக்கமும் வேலி போட்ட ஒரு சாலை போகிறது. சாலை ஓடுவது பிரான்ஸில், ஆனால் அதில் போகிறவர் பிரெஞ்சு சுங்கத்தைப் பார்க்காமலே சுவிட்சர்லாந்துக்குள் போய்விடலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால் இரண்டு வாசல். ஒன்றில் பிரான்ஸ், இன்னொன்றில் சுவிட்சர்லாந்து. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்துவிடலாம். ஆனால் பிரெஞ்சுப் பக்கம் விட வேண்டிய வாடகைக் காரை சுவிஸ் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியவரின் கதை வேறு. எல்லை தாண்டி பாசலுக்குள் போய், சுற்றிக்கொண்டு மறுபடி வர வேண்டும்.

கேட்கும்போதே "ஆஹா, எல்லையில்லா உலகம்!" என்று உருகத் தோன்றும். பலரும் உருகுகிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. அங்கே எல்லை அழிந்துபோகவில்லை. எந்த அங்குலம் யாருடையது என்று வக்கீல்களை வைத்து எழுதி, ஒரு கட்டடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பு யாருக்கு வசதி? வெளியே போகிறவருக்கு. பாசல்காரர் பாசலுக்கும், முலூஸ்காரர் முலூஸுக்கும் சுகமாகப் போகலாம். விமானம் மாற வந்தவரை மனதில் வைத்து யாரும் அதைப் போட்டதாகத் தெரியவில்லை.

நடுவில் ஒரு காலம் இருந்தது. 1990களில் கிராஸ்ஏர் என்ற சுவிஸ் நிறுவனம் இதையே தன் மையமாக வைத்து, சின்ன விமானங்களைக் கூட்டமாக இறக்கி, கூட்டமாக ஏற்றி, பயணிகளை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒரே டிக்கெட், பெட்டி தானாகப் போய்விடும். 2001இல் சுவிஸ்ஏர் கவிழ்ந்தது. கிராஸ்ஏர் 2002இல் 'சுவிஸ்' என்று பெயர் மாறி சூரிக்கின் பக்கம் சாய்ந்தது. இன்று பாசலில் பெரும்பாலும் பறப்பது குறைந்த கட்டண விமானங்கள். அவை விற்பது இங்கிருந்து அங்கே, அவ்வளவுதான். மாறுவது பயணியின் சொந்தப் பொறுப்பு. பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை.

"வெளியே வந்து" என்பது இரண்டே வார்த்தை. கையில் எந்த பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்து அதற்கு அர்த்தம் மாறும்.

லண்டனில் படிக்கும் ஓர் இந்திய மாணவர் இஸ்தான்புல் போக வேண்டும். நேரடி விமானம் விலை அதிகம். லண்டன்–பாசல் ஒன்று, பாசல்–இஸ்தான்புல் ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால் மலிவு. பிரிட்டனும் துருக்கியும் ஷெங்கன் பகுதியில் இல்லை. பாசலில் கால் வைப்பது இரண்டு மணி நேரம், அதுவும் கட்டடத்துக்குள்தானே என்று நினைப்பார். ஆனால் பெட்டியை எடுக்க வெளியே வந்த நிமிடமே அவர் ஷெங்கனுக்குள் நுழைந்தவர் ஆகிறார். விசா இல்லையென்றால் லண்டனிலேயே ஏற விடமாட்டார்கள். மிச்சம் பிடித்த பணம் போச்சு, டிக்கெட்டும் போச்சு. பக்கத்து இருக்கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு அதே வழியில் போகும் நண்பருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

முன்பு இதைவிட விசித்திரம். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் சேர்ந்தது 2008 டிசம்பரில், விமான நிலையங்களில் அது நடைமுறைக்கு வந்தது 2009 மார்ச் 29 அன்று. அதற்கு முன் சுவிஸ் விசா வேறு, ஷெங்கன் விசா வேறு. சுவிஸ் விசா மட்டும் வைத்திருந்த இந்தியரோ இலங்கையரோ இந்த விமான நிலையத்தில், அதாவது பிரெஞ்சு மண்ணில், இறங்கலாம். வேலிச் சாலை வழியே பாசலுக்குப் போகலாம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாங் லூயி என்ற சிறு ஊரில் போய்த் தங்க நினைத்தால் தனி விசா! பாசலில் தங்கையும் பாரிஸில் அண்ணனும் என்று பிரிந்து கிடந்த ஈழத்துக் குடும்பங்களுக்கு அந்த வேலி வெறும் கம்பியாகவா தெரிந்திருக்கும்?

2009க்குப் பிறகு ஆள் போவது சுலபமாயிற்று, பொருள் போவது ஆகவில்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வட்டத்துக்கு இன்னும் வெளியேதான் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் அங்கே வரியில்லாமல் கொண்டுபோகக்கூடிய பொருளின் மதிப்பை 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டார்கள். எனவே இரண்டு வாசலும் இன்னும் இரண்டு வாசல்தான். ஜெனீவாவில் இதே கதை தலைகீழ். நிலையம் சுவிஸ் மண்ணில், உள்ளே பிரெஞ்சுப் பகுதி. ஓடுபாதையை நீட்டுவதற்காக 1950களில் இரண்டு நாடுகளும் நிலத்தையே மாற்றிக்கொண்டன.

நிலத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு, வேலி போட்டுச் சாலை போட முடிந்தவர்களுக்கு, டிக்கெட் விற்கும் திரையில் இரண்டு வரி எழுத முடியாதா? "முலூஸும் பாசலும் ஒரே இடம்" என்று ஒன்று. "இங்கே பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும், உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவைப்படலாம்" என்று இன்னொன்று. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்காமல் டிக்கெட் விற்பவர்கள், அதே கேள்வியை ஏறும் வாசலில் மட்டும் மறக்காமல் கேட்கிறார்கள். பணம் வாங்குவதற்கு முன்னால் கேட்டால் என்ன?