காருக்கு ஏன் ஜரிகை?

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டில் பேச்சு கதையிலிருந்து நழுவிக் காரில் போய் விழுந்தது. அமெரிக்காவில் மகனோடு சில காலம் இருந்துவிட்டு வந்தவர் அவர். "குடும்பக் காருக்கு நான்கு சக்கரத்துக்கும் உந்துசக்தி எதற்கு ஐயா? வீண் ஆடம்பரம்! பெட்ரோலைக் குடித்துவிடும்" என்றார். அடுத்த மூச்சிலேயே மகனுடைய காரின் பெரிய கறுப்புச் சக்கரங்களின் அழகை வர்ணிக்கத் தொடங்கிவிட்டார். ஆடம்பரம் எது, அவசியம் எது என்பதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மனத்தில் இருப்பது பழைய ஏற்பாடு. காரின் அடிவயிறு நெடுக ஓர் இரும்புத் தண்டு ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். அந்தத் தண்டையும் பல்சக்கரங்களையும் சுமப்பதற்கே பெட்ரோல் செலவாகும். 2024-ல் விற்பனைக்கு வந்த டொயோட்டா காம்ரியின் 2025 மாடலில் அந்தத் தண்டே கிடையாது. பெட்ரோல் என்ஜினும் பாட்டரியும் சேர்ந்து ஓட்டும் அந்தக் காரில், பின் சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு மின்சார மோட்டார். முன் சக்கரம் வழுக்கும்போது அது கைகொடுக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தரும் மதிப்பு இது. எல்இ என்ற எளிய ரகம், முன் சக்கர ஓட்டத்தில் காலனுக்கு 51 மைல். அதற்கே பின் மோட்டாரைச் சேர்த்தால் 50. நஷ்டம் ஒரே ஒரு மைல்! முன் சக்கர ஓட்டத்திலேயே எக்ஸ்எஸ்இ என்ற அலங்கார ரகத்தை எடுங்கள்: 47. நான்கு மைல் போயிற்று. எளிய ரகத்துக்கு 16 அங்குலச் சக்கரம். இதற்கு 19 அங்குலச் சக்கரம், அகன்ற டயர், கூடுதல் சாமான்கள். அலங்காரமும் பின் மோட்டாரும் கூடினால் 44.

2023 பிரியஸிலும் இதே கதைதான். எளிய ரகம் 57. பின் மோட்டாரோடு 54. மோட்டார் இல்லாமல் 19 அங்குலச் சக்கரத்தோடு மேல் ரகம் 52. போதாததற்கு, தோற்றம் சீறிப் பாயவேண்டும் என்று கூரையையும் சுமார் இரண்டு அங்குலம் தாழ்த்தினார்கள். பின் ஆசனத்தில் உட்காரும் உயரமான மனிதர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்!

பெட்ரோலைக் குடிப்பது எது என்று இப்போது சொல்லுங்கள்.

பின் மோட்டார் சர்வரோக நிவாரணி என்று நான் வாதிக்கவில்லை. பிரேக் போடும்போது அது காரைச் சீக்கிரம் நிறுத்திவிடாது. பனிக்காலத்துக்கு ஏற்ற டயரும் நிதானமும்தான் அங்கே துணை. ஆனால் மின்னசோட்டாவில் ஜனவரி மாத விடியலில், இராப்பணி முடிந்து புறப்படும் ஒரு நர்ஸ் பனி மூடிய மேட்டில் காரை ஏற்றவேண்டும். அந்த நேரத்தில் அவளைத் தள்ளிவிடுவது பின்னாலிருக்கும் மோட்டார்தான். சக்கரத்தின் கறுப்புப் பூச்சு அல்ல.

அழகே கூடாது என்று சொல்ல நான் சந்நியாசியா? கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் நல்ல ஆசனமும் வசதியும் வேண்டும் என்று கேட்பவன் தலையில் பெரிய சக்கரத்தையும் சேர்த்துக் கட்டுவது என்ன நியாயம்? அதற்குரிய பெட்ரோலை வண்டி ஓடும் காலமெல்லாம் அவனல்லவா போட்டாக வேண்டும்? கண்ணுக்குத் தெரிகிற செலவை ரசனை என்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பதை ஆடம்பரம் என்கிறோம்.

இதைச் சொன்னால் ரசனையில்லாதவன் என்பார் நண்பர். சொல்லட்டும். அடுத்த கார் வாங்கும்போது மகனை அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும்.