3 நாள் பிந்தினால் 500 ரூபா

கீரிமலையில் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில் தவணைக்கு எடுத்த பிரிட்ஜ் ஒண்டு நிக்குது. 1990 இல் இடம்பெயர்ந்து, முகாம், வாடகை வீடு எண்டு அலைஞ்சு திரும்பி வந்த குடும்பம். கடல்தொழில். மாதம் 6,000 ரூபா, 10 ஆம் திகதிக்குள் கட்டவேணும். பிந்தினால் 500 ரூபா ‘தாமதக் கட்டணம்’. கார்த்திகை, மார்கழியில் வாடை கிளம்பினால் வடகடலில் வள்ளம் இறங்காது. கடைக்காரருக்கு வாடையும் இல்லை, சோளகமும் இல்லை. 10 எண்டால் 10 தான்.

அன்ரி காட்டின தவணை அட்டையை வாங்கிக் கணக்குப் பார்த்தம். (நாங்கள் கலைப்பீடம்தான், ஆனாலும் பெருக்கத் தெரியும்.)

பிந்திக் கட்டினால் கடைக்கும் நட்டம்தானே எண்டு கேப்பியள். சரி, நட்டத்தை எடுக்கட்டும். வருசத்துக்கு 36 வீத வட்டி போட்டாலும் 6,000 ரூபாவுக்கு 3 நாள் வட்டி 18 ரூபாவுக்கும் குறைவு. அந்த இடத்தில் 500. ஒரு வருசத்தில் 12 தரமும் 3 நாள் பிந்தினால் மேலதிகம் 6,000, அதாவது பதின்மூன்றாவது தவணை ஒண்டு.

இதைவிட மோசமான வேலை ரசீதில் இருக்குது. அன்ரி பிந்திக் கொண்டுபோன 6,000 இல் முதலில் 500 ஐத் தாமதக் கட்டணத்துக்குக் கழிக்கினம். மிச்சம் 5,500 தான் தவணைக்குப் போகுது. அப்ப அந்தத் தவணை இன்னும் 500 குறை. அடுத்த மாதம் 10 ஆம் திகதிக்கு முன்னமே 6,000 கட்டினாலும் பழைய குறை நிக்கிறபடியால் திரும்பவும் ‘தாமதம்’, திரும்பவும் 500. ஒருதரம் பிந்தின மனுசி கடைசிவரைக்கும் பிந்தினவதான்.

சட்டம் இல்லையா? இருக்குது. 1918 ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி அநியாய வட்டிக் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் திரும்பத் திறந்து பார்க்கலாம். நிலுவை வட்டி முதலை மீறி வளரக் கூடாது எண்டு ரோமன் டச்சுச் சட்டத்தில் பழைய விதியும் உண்டு. ஆனால் கடைக்காரர் சொல்லுறது என்ன? “நாங்கள் கடன் தரேல்லை. பொருள் எங்கட. கடைசித் தவணை வரைக்கும் நீங்கள் வாடகைக்குத்தான் வச்சிருக்கிறியள்.” வாடகைக் கொள்வனவு எண்டால் அப்படித்தான். அதுக்கெண்டே 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் வந்தது. அன்ரிக்கு அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்ன ஒருத்தரும் இல்லை. கையெழுத்து வாங்கின தாள் முழுக்க ஆங்கிலம்.

2021 இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடன் எடுத்த பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்த பிறகாவது நாடு ‘வட்டி’ எண்ட சொல்லைக் கொஞ்சம் கவனிச்சது. ‘கட்டணம்’ எண்டு பெயரை மாத்தினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறேல்லை.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2023 ஓகஸ்ட்டில் தன் கீழுள்ள வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சொல்லிப்போட்டுது: பிந்தினதுக்குத் தண்டம் அறவிடலாம், அது நியாயமான அளவில் இருக்கவேணும், அந்தத் தண்டத்துக்கு மேல் வட்டி ஏறக்கூடாது. இங்கிலாந்தில் 2006 இல் கடனட்டைத் தாமதக் கட்டணம் 12 பவுணுக்கு மேல் போனால் நியாயமற்றதாகக் கருதுவம் எண்டு வர்த்தக அலுவலகம் அறிவிச்சது. ரெண்டும் புரட்சிகர அரசாங்கங்கள் இல்லை.

இஞ்ச விலைச்சீட்டு இல்லாத சவர்க்காரத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வழக்குப் போடுது. நல்ல விசயம். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கவும் அதுக்கு அதிகாரம் இருக்குது. அப்ப தவணைக் கடைகளுக்கும் விடுக்கட்டும். கட்டுற காசு முதலில் தவணைக்குப் போகவேணும். தாமதக் கட்டணம் பிந்தின நாளுக்கும் தொகைக்கும் ஏத்தபடி இருக்கவேணும். ஒப்பந்தம் தமிழிலும் தரவேணும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி எண்டு நாங்கள் பாடப்புத்தகத்தில் படிச்சனாங்கள்.

அன்ரியின் கணக்கில் மிச்சம் ரெண்டு தவணை. கடையின் கணக்கில் மூண்டும் சில்லறையும். அந்தச் சில்லறை எப்பிடி வந்தது எண்டு தமிழில் எழுதித் தரச்சொல்லி போன கிழமை கடிதம் குடுத்தம். வாங்கினவர் வாசிச்சுப்போட்டு, “இதையெல்லாம் ஒருத்தரும் கேக்கிறேல்லையே தம்பி” எண்டார். உங்கட வீட்டு அலுமாரியிலும் அப்பிடி ஒரு அட்டை கிடக்கும், எடுத்துப் பாருங்கோ.