ஓய்வுபெறும் துப்பாக்கிகளின் சரித்திரம்

2020-ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பில், 'த்ரீ நாட் த்ரீ' என்று காவலர்களின் நாவில் வழங்கிவந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைக் கடைசியாக ஏந்தி, உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு மரியாதையோடு விடைகொடுத்தது. 2008-இல் மும்பை ரயில் நிலையத்தில், தானியங்கி ஆயுதங்களோடு புகுந்த பயங்கரவாதிகளை, ஒவ்வொரு குண்டுக்கும் தாழை இழுத்துத் தள்ளிச் சுடவேண்டிய இந்தப் பழைய துப்பாக்கியோடு நம் காவலர்கள் எதிர்கொள்ள நேர்ந்த கொடுமையை அறிந்தவர் எவரும் அந்த விடைகொடுத்தலை ஆட்சேபிக்கமாட்டார். ஆயினும், ஓர் ஆயுதம் பணியிலிருந்து விலகும்போது அதன் சரித்திரமும் கூடவே உலையில் உருகிப்போக வேண்டும் என்னும் நியதி எதுவும் இல்லை.

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் அமைந்த இஷாப்பூர் தொழிற்சாலையில் உருவான ஒரு துப்பாக்கியை எடுத்து, அடிக்கட்டையின் மரம் இரும்போடு சேரும் இடத்தில் வலப்புறத்தை உற்றுநோக்கினால், கிரீடமும், அதன்கீழ் 'ஜி.ஆர்.ஐ.' என்னும் சக்கரவர்த்தியின் எழுத்துக்களும், தொழிற்சாலையின் பெயரும், ஆண்டும் பொறித்திருக்கக் காணலாம். சுதந்திரத்திற்குப் பின் பிறந்தவற்றிலோ கிரீடம் மறைந்து அசோகரின் சிங்க முத்திரை வந்துவிடுகிறது. ராஜ்யம் கைமாறியதை இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பிரத்தியட்சமாகக் காட்டும் பொருள்கள் அதிகமில்லை. முன்பக்க மரத்தைக் குறுக்கே ஊடுருவி நிற்கும் திருகாணி, மரம் பிளவாதிருக்க இஷாப்பூரில் கையாண்ட உபாயம். இன்னும் கசப்பான சாட்சியமும் உண்டு: பத்துத் தோட்டா கொள்ளும் இதே துப்பாக்கியின் குழலை வழுவழுப்பாகக் குடைந்து, மேகசினை மரத்துண்டால் அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடும் '.410 மஸ்கட்'டாக்கிக் காவல் பணிக்குக் கொடுத்தார்கள். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் இந்தியன் கையில் நல்ல ஆயுதம் கொடுக்க அஞ்சிய ஓர் ஆட்சியின் மனோபாவத்தை அந்த மரத்துண்டு சொல்வதுபோல் எந்த ஏடும் சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய துப்பாக்கிகளைத் தனிமனிதர்கள் தேடிச் சேகரிக்கிறார்கள். நம் நாட்டில் .303 ரகம் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. உரிமம் பெற்றவரும் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்துவிட்டது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் பிரஜை சேகரிக்கக்கூடாது என்று விதித்த சர்க்கார், அந்தக் கடமையைத் தானே ஏற்றாக வேண்டும். இந்தத் துப்பாக்கிக்குப் பெயர் தந்த இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலை 1988-இல் மூடப்பட்டபின்னும் அங்கிருந்த மாதிரித் துப்பாக்கிகளைச் சிதறவிடாமல் காத்து, இன்று லீட்ஸ் நகரில் வைத்திருக்கிறார்கள்.

சேகரித்தால் போதாது; காக்கவும் தெரியவேண்டும். பழைய தோட்டாவின் பற்றவைப்பு மருந்து குழலுக்குள் ஒருவித உப்பை விட்டுச்செல்லும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஆகவேதான் அக்காலச் சிப்பாய் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீரை ஊற்றி, கயிற்றில் கட்டிய துணியால் துடைத்து, பிறகே எண்ணெய் இட்டான். மரத்துக்கோ ஆளிவிதை எண்ணெய்; அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. உப்புத்தாள் கொண்டு மரத்தைத் தேய்த்து, வார்னிஷ் பூசி, இரும்பைப் பளபளப்பாக்கிக் காட்சிக்கு வைப்பவர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்; எனினும் முத்திரைகளும் எண்களும் கைபட்டுக் கறுத்த தழும்புகளும் அந்தத் தேய்ப்பிலேயே அழிந்துவிடுகின்றன.

மாநிலந்தோறும் பழைய துப்பாக்கிகளை அழிக்க உத்தரவு பிறக்குமுன், ஒவ்வொரு ரகத்திலும் சிலவற்றையேனும் தேர்ந்தெடுத்து, வெளித்தோற்றம் கெடாதவாறு செயலிழக்கச் செய்து, அருங்காட்சியகங்களுக்கு ஒப்படைக்க வேண்டுகிறேன். ஒவ்வொரு தாழும் அதற்குரிய துப்பாக்கிக்கென்றே பொருத்தி எண் இடப்பட்டதாகையால், கிடங்கை ஒழிக்கும் அவசரத்தில் ஒன்றின் தாழ் மற்றொன்றுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தத் துப்பாக்கி எந்தக் காவல் நிலையத்தில் எந்த ஆண்டுவரை இருந்தது என்று காட்டும் ஆயுதக் கிடங்குப் பதிவேட்டின் நகலும் அத்துடன் சேர்ந்தே போகட்டும்.