உபுண்டு அப்டேட் போட்டதும் பழைய விண்டோ டூல்கள் மக்கர் செய்வது ஏன்?

லினக்ஸில் விண்டோக்களை நகர்த்த, அடுக்க, தானாக டைப் செய்யப் பலர் நம்பியிருப்பவை 'எக்ஸ்டூடூல்' போன்ற டூல்கள். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் இவை பெரும்பாலும் கைவிரிக்கின்றன.

என்ன காரணம்?

இவை 1987-ல் வந்த எக்ஸ்11 முறைக்காக எழுதப்பட்டவை. அதில் ஒரு ஆப் இன்னொன்றின் விண்டோவை நகர்த்தலாம். கீபோர்டில் தட்டுவதைக்கூட ஒட்டுக்கேட்கலாம். 2008-ல் தொடங்கப்பட்ட வேலண்ட் அந்தக் கதவை மூடிவிட்டது. பாஸ்வேர்டுக்கு இது பாதுகாப்பு. ஆனா, கை அசைவு குறைந்து, இந்த டூல்களை வைத்தே வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு.

என்ன செய்யலாம்?

க்னோமில் எக்ஸ்டென்ஷன், கேடிஇ-யில் க்வின் ஸ்கிரிப்ட் கைகொடுக்கும். ஆனா, ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது. உபுண்டு 24.04-ல் லாகின் திரையிலேயே எக்ஸ்11-ஐத் தேர்வு செய்யலாம். 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு. டூல்தான் முக்கியம் என்பவர்கள் இப்போதைக்கு அதிலேயே இருக்கலாம்.