‘பாட்டாளி’ யார்? திண்டுக்கல் தரும் பதில்

2024 மக்களவைத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் ஒரு சுவாரஸ்யம். ‘பாட்டாளி வர்க்கம்’ பற்றிப் பேசும் மார்க்சிஸ்ட் கட்சியும், வன்னியர் சங்கத்திலிருந்து உருவாகிப் பெயரிலேயே ‘பாட்டாளி’யை வைத்திருக்கும் பாமகவும் எதிரெதிரே நின்றன. மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஆர்.சச்சிதானந்தம் 4.43 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சரி, அந்தப் பாட்டாளி யாருங்க?

வர்க்கம்னா என்ன?

மார்க்ஸ் சொன்னது வெறும் பணக்காரன் - ஏழை கதை அல்ல. ஆலையும் எந்திரமும் யார் கையில், உழைப்பை விற்றுப் பிழைப்பவர் யார் என்பதே கேள்வி. அப்படிப் பார்த்தால் மாதச் சம்பளம் வாங்கும் ஐ.டி. ஊழியரும் தொழிலாளி பக்கம்தான். ஆனால், டிவி விவாதங்களில் இது வசவாகச் சுருங்கிவிட்டது. ஒருவர் ‘கார்ப்பரேட் கைக்கூலி’ என்பார். மற்றவர் ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்பார். அதோடு பேச்சு முடிஞ்சது.

எடுபட்டது எது?

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. திமுகவின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே 1 அன்று மசோதா வாபஸ் என முதல்வர் அறிவித்தார். ‘வர்க்கம்’ புரியாதவருக்கும் ‘12 மணி நேரம்’ புரிந்தது.

திண்டுக்கல் ஒப்பந்தம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் மீதே குற்றச்சாட்டு. நியாயம் கேட்ட பெண் தொழிலாளர்களின் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்துடன் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. எச் அண்ட் எம் போன்ற சர்வதேச பிராண்டுகளும் இணைந்தன. பாலினம், சாதி அடிப்படையிலான வன்முறையை அது பெயர் சொல்லியே தடுத்தது. தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள், நிர்வாகம் மீறினால் பிராண்டுகள் வணிக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது.

‘முதலாளி - தொழிலாளி’ என்று மட்டும் பேசியிருந்தால் சாதியும் பாலினமும் கணக்கில் வந்திருக்காது. சாதியை மட்டும் பேசியிருந்தால் ஆலையும் ஆர்டரும் தப்பியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பேசியதால்தான் அது காகிதத்தில் ஏறியது.

வர்க்க மொழி பழசாகிவிடவில்லை. முழக்கமாக நின்றுவிடுவதுதான் சிக்கல். அடுத்த முறை மேடையில் யாராவது ‘பாட்டாளி’ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம் வேலை? எவ்வளவு கூலி? புகார் சொன்னால் வேலை இருக்குமா? பதில் இருந்தால் அது அரசியல். இல்லாவிட்டால், வெறும் கைதட்டல்.