நிறம் மாறிய நெடுங்கூந்தல்

கொழும்பு, வெள்ளவத்தையிலிருந்து ஓர் அன்னையார் நமக்கு எழுதியுள்ள நீண்ட கடிதத்தில் கேள்விகள் இரண்டே, எஞ்சியதெல்லாம் கண்ணீர். அவருடைய மூத்த மகளுக்கு வருகின்ற தை மாதத்தில் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. அப்பெண்ணுக்கு இடைக்குக் கீழே ஒரு சாண் தாழ்ந்து தொங்கும் கூந்தல். கருமையினூடே சிறிது கபில நிறம் ஒளிர்ந்தால் அழகாயிருக்கும் என்று தோழியர் கூற, அவள் வீட்டிலே ஒரு சொல்லும் சொல்லாமல் அழகு நிலையம் ஒன்றுக்குச் சென்றிருக்கிறாள். மூன்று மணி நேரத்தின் பின் கண்ணாடியிலே அவள் கண்டது கபிலமன்று. உச்சியிலே தோடம்பழ நிறம்; நடுவிலே செப்பு நிறம்; நுனியிலே காய்ந்த தென்னந்தும்பு. கத்தரித்து விடலாமா, அல்லது கறுப்புச் சாயம் ஏற்றி மறைத்து விடலாமா? இவையே அன்னையாரின் கேள்விகள். மாப்பிள்ளை வீட்டார் பெண்பார்க்க வந்தபோது புகழ்ந்து பேசியது அக்கூந்தலைத்தானாம். மகள் பத்து நாட்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லையாம்.

இவ்விரண்டையும் இப்போது செய்ய வேண்டாம் என்பதே நமது விடை. காரணங்களைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. இரசாயன பாடம் கற்பிப்பவர்களாகிய நமக்கு இதில் ஓரளவு உரிமையும் உண்டு.

தலைமயிரில் உயிருள்ள பகுதி தோலுக்குள்ளே புதைந்திருக்கும் வேர்க்குமிழ் மாத்திரமே. தோலைக் கடந்து வெளியே வந்த மயிர், நகத்தைப் போலவே, உயிரற்ற கெரற்றின் என்னும் புரதப் பொருள். ஆதலினாலேதான் அதனைக் கத்தரிக்கும்போது நோவதில்லை. 'வேர் முதல் நுனிவரை ஊட்டமளிப்பது' என்று போத்தலின் மேல் அச்சிட்டு விற்கிறார்களே, உயிரற்ற பொருள் எந்த வாயால் ஊட்டம் உண்ணும் என்று நமது மாணவிகளை நாம் கேட்பதுண்டு. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று பாண்டியன் சபையிலே எழுந்த வழக்கில் நக்கீரர் எடுத்துக்கொண்ட கட்சியை இக்காலத்து எண்ணெய் விளம்பரங்களின் முன்னால் எடுத்துக்கொள்ள நமக்கு ஆசைதான்.

மயிரின் மேற்புறம், கூரையிலே கிடுகு வேய்ந்தாற்போல, ஒன்றன்மேலொன்று படிந்த மெல்லிய செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. அச்செதில்களுக்கு உள்ளே இருக்கும் நார்ப் பகுதியிலேதான் மெலனின் என்னும் நிறப்பொருள் உறைகின்றது. கருநிற மயிரில் இந்நிறப்பொருள் ஒரேவகையினதன்று. கருமை தருவது ஒன்று. அதன் மறைவிலே செம்மை தருவது மற்றொன்று. கறுத்த தலைக்குக் கபில நிறம் ஏற்றுவதானால் முதலில் கருமையைப் போக்க வேண்டும். அதற்காக அமோனியாவைப் போன்ற காரமொன்றினால் செதில்களைக் கிளப்பிவிட்டு, ஐதரசன் பேரொட்சைட்டை உள்ளே செலுத்துகிறார்கள். அது கருமையை முன்னதாக அழிக்கின்றது. செம்மையோ அவ்வளவு இலகுவில் அழிவதில்லை. ஆகவே வெளுக்கும் கருங்கூந்தல் ஒவ்வொன்றும் சிவப்பு, செப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்னும் படிகளைக் கடந்தே தீரும். தலைத்தோலின் சூட்டினால் வேரை அடுத்த மயிர் மற்றைய இடங்களைவிட விரைவாக வெளுக்கும். வேரிலும் நுனியிலும் ஒரே கலவையை ஒரே நேரத்தில் பூசினால், உச்சி ஒரு நிறமும் நடு ஒரு நிறமுமாக முடிவது எதிர்பார்க்கத்தக்கதே. அன்னையார் கடிதத்தில் வரைந்த நிறப்படம் இதற்கு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கிறது.

நுனி தும்பானதற்கு வேறொரு காரணம் உண்டு. மயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் முதல் ஒன்றேகால் சென்ரிமீற்றர் வரை வளர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 15 சென்ரிமீற்றர் எனக் கொள்ளலாம். 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஆறு ஆண்டுகள் பழமையானது. இந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டுச் சென்ற காலத்து மயிர் இன்றும் அவளுடைய முதுகிலே தொங்குகிறது. ஆறு ஆண்டு வெயிலும், சீப்பும், ஈரத்துவாயின் அடியும் பட்டு, செதில் தேய்ந்து நிற்கும் அந்நுனிக்கும், போன மாதம் முளைத்த வேர்ப்புற மயிருக்கும் ஒரே மருந்தை ஒரே அளவிலே பூசுவது, எண்பது வயதுப் பாட்டிக்கும் எட்டு வயதுப் பேத்திக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதை ஒக்கும்.

இனி, கறுப்புச் சாயத்தைப் பற்றிய கேள்வி. நிலையான சாயங்களில் பெரும்பாலானவை, 1907-ம் ஆண்டிலே பிரெஞ்சு இரசாயனரான இயூஜின் ஷுவெலர் விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கைச் சாயத்தின் வழியிலேயே இன்றும் செய்யப்படுகின்றன. நிறமற்ற சிறு மூலக்கூறுகள் மயிருக்குள்ளே புகுந்து, அங்கே பேரொட்சைட்டினால் மாற்றமடைந்து, வெளியே வரவியலாத பெரிய நிற மூலக்கூறுகளாகி விடுகின்றன. அதாவது, கறுப்பு ஏற்றுவதற்கும் மீண்டும் அதே பேரொட்சைட்டுத்தான். பத்து நாட்களுக்கு முன் வெந்த மயிரை இன்னொரு முறை வேகவைப்பதாகும் இது. அத்துடன், உள்ளிருந்த செம்மையை இழந்த மயிரின்மேல் நேராகக் கருமையை ஏற்றினால் அது பச்சை கலந்த மங்கலாகத் தோன்றுவதும், திட்டுத்திட்டாகக் கழுவுண்டு போவதும் உண்டு. அதுவும் பிடிக்கவில்லையென்றால் அகற்றுவதற்கு மூன்றாவது முறை வெளுக்க வேண்டும். அந்த மூன்றாவது முறையைத் தாங்கும் நெடுங்கூந்தல் அரிது.

'மருதோன்றி இயற்கையானதுதானே, அதை அரைத்துப் பூசலாமே?' என்று அயல்வீட்டார் கூறியதாகவும் கடிதத்தில் காண்கிறோம். மருதோன்றி இலையின் சாயம் செம்மஞ்சள். கறுத்த மயிரிலே அது மெல்லிய செம்மையாகத் தோன்றும். வெளுத்த மயிரிலோ தீக்கொழுந்தாகத் தோன்றும். அன்றியும் அது கெரற்றினோடு பிணைந்து விடுமாதலால், பின்னர் எத்தனை முழுக்கிலும் போகாது. தனி அவுரி இலையும் வெளுத்த மயிரிலே நீலமோ பச்சையோ காட்டக்கூடும். 'கறுப்பு மருதோன்றி' என்று கடையில் விற்கும் தூளைப் பற்றி ஒரு சொல்: கறுப்பு நிறம் தரும் மருதோன்றிச் செடி உலகத்தில் இல்லை. அத்தகைய தூள்களில் பெரும்பாலும் இரசாயனச் சாயமே கலந்திருக்கும். சிலருக்கு அது தலைத்தோலைப் புண்ணாக்கி, கண்ணிமைகளை வீங்கச் செய்யும். உலோக உப்புக்கள் கலந்த தூள்களும் உண்டு; அவை படிந்த மயிர் பின்னர் பேரொட்சைட்டைச் சந்திக்குமாயின் சூடேறி முறிந்துவிடும். எல்லாச் சாயங்களிலும், முழங்கையின் உட்புறத்திலே சிறிது பூசி 48 மணி நேரம் பார்த்த பின்னரே தலையில் வைக்க வேண்டும். மணநாளுக்கு முதல் வாரம் முகம் வீங்கிய மணமகளை விட, செப்பு நிறக் கூந்தலுடைய மணமகள் ஆயிரம் மடங்கு மேல்.

ஆகவே முதல் ஒரு மாதம் சாயம் எதுவும் வேண்டாம். மயிரைத் தேற்றும் வேலையே நடக்கட்டும். இதிலே நமது பாட்டிமாரின் வழக்கங்கள் எல்லாம் சரியென்றும் நாம் சொல்லவில்லை, எல்லாம் பிழையென்றும் சொல்லவில்லை.

தேங்காயெண்ணெய் சரி. 2003-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்விலே, தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, கழுவும்போது மயிர் புரதத்தை இழப்பதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டார்கள். வெளுத்த மயிரிலும் அவ்வாறே. அதன் நேரிய சிறு மூலக்கூறுகள் மயிருக்குள்ளே ஊடுருவுகின்றன என்பது அவர்கள் கூறும் காரணம். ஆனால் முழுகிய பின் பளபளப்புக்காகத் தடவுவதைவிட, முழுகுவதற்குச் சில மணி நேரம் முன்னதாக, முக்கியமாக நுனிப்பாதியிலே, தடவி ஊறவிடுவதே பயன் தருவது.

சீயாக்காயும் அரப்பும் தூளாகத் தேய்த்தால், கிளம்பி நிற்கும் செதில்களை மணல் கொண்டு உரைத்தாற்போலாகும். அவித்து வடித்த சாறாயின் தாழ்வில்லை. இல்லையேல் மென்மையான ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, வழிந்தோடும் நுரையே மிகுதி மயிரைக் கழுவும்படி விட வேண்டும். அதன்பின் கண்டிசனரோ, ஊறவைத்து அரைத்த வெந்தயமோ, செவ்வரத்தை இலையைக் கசக்கிய வழுவழுப்போ, சிக்கு நீங்கும்படி பூசிக் கழுவலாம். சவர்க்காரம் கூடவே கூடாது. யாழ்ப்பாணத்து வாசகிகள் இதனை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். நமது கிணறுகள் சுண்ணக்கல்லைக் குடைந்தவை. கேத்திலின் உட்புறத்தில் வெள்ளைப் படையாகப் படிவது எதுவோ அதுவே சவர்க்காரத்தோடு கூடித் தலையிலும் படிகிறது. கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த நீரைக் கடைசி வார்வைக்கு வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளவத்தை அன்னையாருக்குக் குழாய்நீர் இருப்பதால் இத்தொல்லை இல்லை.

தேசிக்காய்ச் சாறு நீரில் மிக ஐதாக்கி வார்த்தால் செதில்கள் படியும்; உடனே கழுவிவிட வேண்டும். சாற்றோடு வெயிலில் நின்று உலர்த்தினால் மயிர் இன்னும் வெளுக்கும். அன்னையார் இவ்வாறே பத்து நாட்களாகச் செய்து வருவதாக எழுதியிருக்கிறார். இன்றோடு அதை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். ஈரத்தலையைத் துவாயால் விளாசி உலர்த்தும் வழக்கமும் நிற்கட்டும். நனைந்த மயிர் இழுபடும், எளிதில் அறும். பழைய பருத்திச் சேலைத் துண்டினாலே ஒற்றியெடுத்து, முக்காற்பங்கு உலர்ந்தபின், அகன்ற பல்லுள்ள மரச்சீப்பினால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இரவிலே தளர்ந்த ஒற்றைப் பின்னல். இவ்வளவே.

ஒரு மாதத்தின் பின், மறைப்பதற்கு ஏதேனும் வேண்டுமெனில், அமோனியாவும் பேரொட்சைட்டும் சேராத, சில முழுக்குகளிலே தானாகக் கழுவுண்டு போகும் தற்காலிகச் சாயம் உண்டு. அட்டக்கரியை விடுத்துக் கருங்கபிலத்தைத் தெரிந்தெடுத்து, பிடரியிலே மறைவான ஒரு கற்றையில் முதலில் பூசிப் பார்த்து, அது நன்றாயிருந்தால் மாத்திரம் முழுத்தலைக்கும் போக வேண்டும். மணநாளுக்கு அதுவும் அவசியமென்று நாம் கருதவில்லை. நமது மணப்பெண்ணின் பின்னல், சடைநாகமும் மாலைச்சரமும் குஞ்சமுமாக மூடப்பட்டிருப்பது. முன்னுச்சியைத் தலைச்சாமான் மறைக்கும். கூந்தலின் நிறத்தை அன்றைக்குக் காண்பவர் எத்தனை பேர்?

மாப்பிள்ளை வீட்டாருக்கு இப்போதே விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது என்பது நமது எண்ணம். கூந்தலுக்காக மட்டும் பெண்ணெடுக்க வந்தவர்களாயின், அதனையும் தைக்கு முன் அறிந்துகொள்வது பெண் வீட்டாருக்கு நன்மையே.

மற்றொன்றையும் தயக்கத்தோடு எழுதுகிறோம். 'ஆறு வயது முதல் என் கையால் எண்ணெய் வைத்து வளர்த்த கூந்தல், என்னைக் கேளாமல் பாழாக்கிவிட்டாள்' என்று அன்னையார் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறார். அவருடைய துயரம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் நமது வகுப்புக்களிலே நெடுங்கூந்தலுடைய பிள்ளைகளை நாம் பல்லாண்டுகளாகக் காண்கிறோம். அதன் பாரத்தைச் சுமப்பவர் அவர்கள். அதன் புகழோ வீட்டாருக்கு. தன் தலையிலே தான் செய்ய விரும்பிய முதல் மாற்றத்தை அப்பெண் யாருக்கும் சொல்லாமல் செய்தது ஏன் என்பதை அன்னையார் ஒருகால் யோசிக்கலாம். பத்து நாட்கள் அறைக்குள் கிடந்தவளுக்கு மேலும் தண்டனை வேண்டியதில்லை.

கத்தரிப்பதைப் பற்றிய கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். புதிதாக வளர்வது கறுப்பாகவே வளரும், அதிலே ஐயமில்லை. ஆண்டுக்குப் 15 சென்ரிமீற்றர் வளர, அதே அளவை நுனியிலே சிறிது சிறிதாகக் கத்தரித்து வந்தால், நீளம் குறையாமலே ஆறு ஆண்டுகளில் கூந்தல் முழுவதும் கருமையாகிவிடும். திருமணம் கழிந்தபின் 40 சென்ரிமீற்றரை ஒரே தடவையில் நீக்கி, முதுகின் நடுவளவில் நிறுத்தினால், மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும். அதுவும் வேண்டாமென்று தோளளவாகக் குறைத்துக் கொண்டால் இரண்டு ஆண்டுகளே போதும். மூன்றிலும் பிழையில்லை. எது வேண்டுமென்பதை இம்முறை மகளே சொல்லட்டும். கத்தரிக்கோலைத் தைக்குப் பின் எடுத்தால் போதும்.