மோட்டாரை நிறுத்துவது யார் வேலை?

கொங்குப் பக்கத் தோட்டங்களில் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. மும்முனை கரண்ட் எப்படியும் நேரத்துக்குப் போய்விடும், மோட்டாரும் நின்றுவிடும். போகாத நாளில்தான் கிணறு வற்றிய பின்னும் வெறுமனே ஓடிச் சுருள் கருகுகிறது. பைத்தானில் சாக்கெட்டைத் திறந்து மூடாமல் விடும் நிரல்களின் கதையும் இதுதான்.

சிபைத்தானில், ஒரு சாக்கெட்டைச் சுட்டும் கடைசி மாறி மறைந்ததும் இணைப்பு தானாக மூடப்படும். அது அந்த ஒரு செயலாக்கத்தின் தயவு. மொழி தரும் உறுதி அல்ல. அதே நிரலை பைபையில் ஓட்டினால், குப்பை சேகரிப்பான் வருகிறபோதுதான் மூடும். அதற்குள் எதிர்முனை மூடிவிட்டிருந்தால் நம் பக்கம் ‘குளோஸ்-வெயிட்’ நிலையிலேயே கிடக்கும். இதற்குக் காலக்கெடு கிடையாது. லினக்ஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாக 1024 கோப்புகள்தான் வரம்பு. சாக்கெட்டும் அந்தக் கணக்கில் சேரும். வரம்பு நிறைந்தால் புது இணைப்பே திறக்காது.

‘வித்’ போட்டால் போதுமே என்பார்கள். எந்தப் பதிப்பில் என்பதுதான் கேள்வி. ‘வித்’ 2006-இல் 2.5 பதிப்போடு வந்தது. சாக்கெட்டுக்கு அதனோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தது 2011-இல், 3.2 பதிப்பில். 2.7-இல் ‘யுஆர்எல்ஓப்பன்’ தரும் பொருளை ‘வித்’தில் வைத்தால், ‘எக்ஸிட்’ இல்லை என்று பிழை வரும். 2.7-க்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்துவிட்டதே என்றால், மில் கணினிகளோடு பழகிய கோவைக்காரர்கள் சிரிப்பார்கள்: ஓடுகிற வரை அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இரண்டு காலத்துக்கும் பொருந்துவது ‘கான்டெக்ஸ்ட்லிப்’பில் உள்ள ‘குளோசிங்’. 2.5 முதலே இருக்கிறது. உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை: பிழை வந்தாலும் வராவிட்டாலும் வெளியேறும்போது ‘குளோஸ்’ஸை அழைக்கும், அவ்வளவுதான். அதையும் விரும்பாதவர் ‘டிரை–ஃபைனலி’ எழுதலாம்.

‘குளோஸ்’ அழைத்த உடனே இணைப்பு அறுந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அது நம் பிடியை விடுகிறது, அவ்வளவே. ‘மேக்ஃபைல்’ கொண்டு உருவாக்கிய பொருள் திறந்திருந்தால் சாக்கெட்டும் திறந்தே இருக்கும். உடனே துண்டிக்க முதலில் ‘ஷட்டவுன்’ வேண்டும். எதிர்முனை ஏற்கெனவே போயிருந்தால் அந்த அழைப்பே பிழை எறியக்கூடும். அதனால் அதற்கும் ஒரு ‘டிரை’ தேவை.

மூடாமல் விட்டதைக் கண்டுபிடிக்க, 3.7 முதல் உள்ள ‘டெவ்’ முறையில் நிரலை ஓட்டினால் ‘ரிசோர்ஸ்வார்னிங்’ காட்டிக்கொடுக்கும். 2.7-இல் அந்த வசதி இல்லை. ‘நெட்ஸ்டாட்’ போட்டு ‘குளோஸ்-வெயிட்’ வரிகளை எண்ண வேண்டியதுதான்.